ஈமக்கற்கள் உரைக்கும் சமுதாயம்

திருவரங்குளத்தை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2021ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த அகழாய்வுகள், மதிலும் அகழியும் சூழ வாழ்ந்த பண்டைய மக்களை நமக்கு அறிமுகப்படுத்தின. வாழ்ந்தோரின் சுவடுகளேயன்றி மாண்டோரின் சின்னங்களும் புதுக்கோட்டை மாவட்டத்தில் மிகுதி. புதுக்கோட்டைக்கு வடமேற்கேயுள்ள சித்தன்னவாசலில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் முதுமக்கள் தாழிகளும் காணப்பட்டுள்ளன.

ஐரோப்பாவில் பெருங்கற்கல்லறைகள் புதிய கற்காலத்தில் எழுந்தன. தமிழகத்திலோ அவை பெரும்பாலும் இரும்புக்காலத்தைச் சார்ந்தவை. இரும்புக் கருவிகளும் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் மணிகளும் இறந்தோருடன் வைக்கப்பட்டன. பல இடங்களில் முழு உடலன்றி, பின்னர்த் திரட்டிய எலும்புகளே இடப்பட்டன. யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேலர் சுமந்து சென்று சீகேமில் அடக்கம்பண்ணியதை அறிந்த நமக்கு இவ்வழக்கு முற்றிலும் அந்நியமன்று.

பெரும் பலகைக்கல்லைப் பெயர்த்து நிறுத்துதல் ஒரு குடும்பத்தால் மட்டும் இயல்வதன்று. பலர் கூடி உழைத்திருத்தல் வேண்டும். ஆதலின் இக்கல்லறை துயரத்தின் அடையாளம் மட்டுமன்று. இறந்தவர் இன்னார், அவர் வழியினர்க்கு இந்நிலத்தில் உரிமையுண்டு என உயிரோடிருந்தோர் விடுத்த அறிக்கையுமாகலாம். கல் சுமந்தோர் அனைவருக்கும் அத்தகைய கல்லறை வாய்த்திராது.

இவ்வாறு கல்லறை, மாண்டோரைவிட வாழ்வோரைப் பற்றியே மிகுதியாய்ச் சாட்சி பகர்கின்றது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் சாதியின் எல்லைக்கோடுகள் இன்றும் உள. பன்னூறாண்டுகள் கழிந்து அவற்றை அகழ்வோர், நாம் அறிக்கையிட்ட ஒரே சரீரம் எங்கே என வினவின், நம் எலும்புகள் என்ன விடை கூறும்?