பரங்கிப்பேட்டை ஊதுலையும் எருக்கிலையும்

வார்ப்பிரும்பு நம்மிடையே அண்மைக்காலத்து விருந்தாளி. சிலமலைப் பக்கத்துக் கிணற்றடிகளில் ஓடும் கோயம்புத்தூர்ப் பம்புகளின் உடலும், போடிநாயக்கனூர்க் கடைகளில் விற்கும் கனத்த தோசைக்கல்லும் அதுதான். ஆனால் இரும்பு நமக்குப் புதிதன்று. கொடுமணல் அகழாய்வு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புத்தொழிலின் எச்சங்களை வெளிக்கொணர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, மெழுகுக்கட்டி அச்செடுத்து வெண்கலத்தை உருக்கி ஊற்றி நடராசரையே வார்த்த மண்ணில், இரும்பை மட்டும் ஏன் அவ்வாறு ஊற்றி வார்க்கவில்லை? வார்க்கத் தெரியாமையால் அன்று என்பது தெளிவு. அப்படியானால் வேறென்ன?

விடை கரியின் அளவில் இருக்கிறது. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேல் கரி கலந்துவிட்டால் ஏறத்தாழ 1150 பாகையிலேயே நீராக ஓடும். ஓடுவதால் மணல் அச்சின் மூலைமுடுக்குகளை நிரப்பும். மெதுவாக ஆறினால் அக்கரி மென்தகடுகளாகப் பிரிந்து சாம்பல்நிற வார்ப்பாகும். சடுதியில் ஆறினால் வெண்ணிறமாகி அரம்கூடத் தீண்டாத கடினம் பெறும். ஆயின் எவ்வகையாயினும் சம்மட்டி அடி தாங்காது. கைநழுவிய தோசைக்கல் இரண்டாவதை நாம் பார்த்திருக்கிறோமே! நம் கொல்லனுக்கு வேண்டியவை கொழு, அரிவாள், மண்வெட்டி. காய்ச்சி அடித்து நீட்டக்கூடிய தேனிரும்பு. ஆள் உயரம்கூட இல்லாத மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தி இரண்டை மாற்றி மாற்றி ஊதி, இரும்பை உருகவிடாமலேயே கட்டியாகப் பிரித்தெடுத்தான். வார்ப்பிரும்பு அவன் தேடிய பொருளன்று.

தேடியது மற்றொன்று. அத்தேனிரும்பைத் துண்டாக்கி, உமிக்கரி கலந்து பிசைந்த மண் குகையில் இட்டு, ஆவாரைக் குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்துவிடுவான். இருபதுக்குச் சற்று மேற்பட்ட குகைகளைச் சிற்றுலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால், உள்ளே உருகி உறைந்த கட்டியே உருக்கு. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றெழுதியது இதையே. கன்னட 'உக்கு'வைப் பிழைபடக் கேட்டது அது என்பர். வார்ப்பிரும்பின் கரியில் பாதிக்கும் குறைவே இதற்குள் நிற்கும். தேனிரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவே உள்ள அக்குறுகிய இடத்தைக் கண்ணாலும் கையாலும் அளந்து பிடித்தவர்களை ஆய்வாளர் என்றழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

இலண்டனில் 1795இல் பியர்சன் இக்கட்டிகளை ஆராய்ந்து கட்டுரை படித்தார். கொல்லன் மகனான மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இதிலேயே மூழ்கினார். உள்ளே அலுமினா இருப்பதாகக் கண்டு, அதுவே சிறப்பின் காரணம் என்று முடிவுகட்டினார். முடிவு தவறு, எனினும் உலோகக் கலப்பெஃகு பற்றிய முறையான சோதனைகள் அவ்வழியே தொடங்கின.

இனி நம் கதைக்குரியவர் வருகிறார். சோசையா மார்சல் ஹீத், சேலம் பகுதியில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய 1825இல் சென்னை அரசிடம் தனியுரிமை பெற்றார். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஊதுலை எழுந்தது. துறைமுகம் இங்கே, தாதோ சேலத்துக் குன்றுகளில்! காவிரியில் பரிசலேற்றித் தாது கொண்டுவரப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரியைச் சுட்ட கல்கரியால் உலைகள் எரிந்துகொண்டிருந்தன. 1828இல் நீல்சன் காற்றைச் சூடாக்கி ஊதும் முறையைக் கண்டு எரிபொருட் செலவை வெகுவாகக் குறைத்திருந்தார். பரங்கிப்பேட்டைக்கு வாய்த்தது மரக்கரி ஒன்றே. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி. அருகிலிருந்த காடு தீரத் தீர வண்டிப்பாதை நீண்டது, விலையும் ஏறிற்று. ஆனால் கந்தகமற்ற மரக்கரியில் விளைந்த இரும்பு தரமானது. செஃபீல்டு எஃகாலைகள் அதை வாங்கின.

மெனாய்ப் பாலத்துக்கே பரங்கிப்பேட்டை இரும்பு போயிற்று என்று பெருமையுடன் எழுதுவோர் உண்டு. மெனாய்த் தொங்குபாலம் திறக்கப்பட்டதோ 1826இல். ஊதுலை பிறந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. அதே நீரிணையில் 1850இல் எழுந்த பிரிட்டானியா பாலத்தைப் பற்றியதாயின் கணக்கு ஒத்துவரும். மற்றது வெறும் ஊர்ப்பெருமை. அக்காலத்தில் பாலம் கட்டுவோருக்கு வார்ப்பிரும்பே பெருங்கவலையாக இருந்தது. ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் உத்திரங்களை உடைத்து உடைத்துப் பார்த்து, அது அழுத்தத்தைத் தாங்கும் வலிமை இழுப்பைத் தாங்குவதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று காட்டியிருந்தார். அவ்வெச்சரிக்கை போதவில்லை, 1847இல் செஸ்டரில் டீ ஆற்றின் மேலிருந்த வார்ப்பிரும்பு இரயில் பாலம் முறிந்து ஐவர் மாண்டனர்.

ஹீத் வார்ப்பிரும்பு செய்ய வந்தவர். ஆனால் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது குகை உருக்கு. தாம் கண்டதை 1839இல் இராயல் ஆசியக் கழக இதழில் எழுதினார். மேலே நாம் சொன்ன ஆவாரையும் எருக்கிலையும் அதில் உள்ளவையே. அடைத்த குகைக்குள் பச்சிலை வெந்து எழுப்பும் வாயு இரும்புக்குள் கரியை விரைந்து புகுத்துகிறது என்பது அவர் விளக்கம். இதே கருத்துக்கு 1825இல்தான் சார்லஸ் மக்கிண்டாஷ் (ஆம், மழைக்கோட்டுக்குப் பெயர் தந்தவரே) காப்புரிமை வாங்கியிருந்தார். பிரிட்டனில் புதுமையாகப் பதிவான ஒன்று சேலத்துச் சிற்றூரில் வழிவழி வந்த வழக்கம் என்பதை ஹீத் மறைக்கவில்லை. அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். அவ்வுலைகளில் நின்றவர் ஒருவர் பெயரையேனும் நமக்கு விட்டுச்சென்றிருந்தால் இன்னும் மதித்திருப்போம்.

அதே 1839இல் ஹீத்தும் ஒரு காப்புரிமை பெற்றார். குகை எஃகில் கரியுடன் சேர்ந்த மாங்கனீசைச் சிறிதளவு இட்டால், மலிவான பிரிட்டிசு இரும்பிலிருந்தும் காய்ச்சி ஒட்டக்கூடிய நல்லெஃகு கிடைக்கும் என்பது அது. கந்தகத்தை மாங்கனீசு கட்டிப்போடுகிறது என்பதே இன்றைய விளக்கம். செஃபீல்டில் எஃகின் விலை சரிந்தது. பின்னர், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே குகையில் இட்டாலே போதும் என்று தம் முகவர் அன்வினிடம் அவரே சொல்லிவைத்தார். அன்வின் அம்முறையைக் கையாண்டு, அது பத்திரத்தில் இல்லை என்று பணம் தர மறுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்தார்; 1855இல் பிரபுக்கள் அவை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது.

பரங்கிப்பேட்டை உலை 1860களில் அணைந்தது. அதைக் கடைசியாக நடத்திய கம்பெனி 1874இல் கலைக்கப்பட்டது. அக்கால அளவில் சேலத்துச் சிற்றுலைகளும், இறக்குமதி இரும்பின் விலைமுன் நிற்கமாட்டாமல், ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.