எல்.ஏ. நுவார்: விற்பனையில் வெற்றி, உருவாக்கிய சிட்னி நிறுவனம் கலைப்பு

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டீம் போண்டை என்ற வீடியோ விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம், தனது வாழ்நாளில் உருவாக்கி முடித்தது ஒரேயொரு விளையாட்டை மட்டுமே. 2011ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'எல்.ஏ. நுவார்' என்ற அந்த விளையாட்டு, ஓராண்டு நிறைவதற்குள் உலகெங்கும் 50 லட்சம் பிரதிகளை நெருங்கியது. ஆனால் அது வெளிவந்த அதே ஆண்டின் அக்டோபர் மாதத்தில், ஊழியர்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தைக்கூடக் கொடுக்க இயலாத நிலையில் நிறுவனம் கலைப்புக்கு உள்ளானது.

தமிழர்கள் கணிசமாக வாழும் ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட், வென்ட்வொர்த்வில் போன்ற சிட்னிப் புறநகர்களில், கணினித் துறை நன்கு அறிமுகமான பிழைப்பு. அத்துறையின் ஒரு கிளையான விளையாட்டுத் தயாரிப்பில் உழைப்போரின் நிலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு டீம் போண்டையின் வரலாறு ஓர் உதாரணமாகக் காட்டப்படுகிறது.

லண்டனிலிருந்து சிட்னிக்கு

2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் ஹோம்புஷ் குடாப் பகுதியில் அமைக்கப்பட்ட அரங்குகளில் நடந்தன. அப்போட்டிகளை ஒட்டி வெளியான அதிகாரபூர்வ வீடியோ விளையாட்டை உருவாக்கியது சிட்னி நிறுவனம் அல்ல. அது இங்கிலாந்தைச் சேர்ந்த அட்டென்ஷன் டு டீடெய்ல் என்ற நிறுவனத்தில் தயாரானது. பெரும் பொருட்செலவிலான விளையாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளிலேயே உருவான காலம் அது.

ஆஸ்திரேலியரான பிரெண்டன் மெக்னமாரா, லண்டனில் சோனி நிறுவனத்தின் தயாரிப்புக்கூடத்தில் பணியாற்றி, 2002ஆம் ஆண்டு வெளியான 'தி கெட்அவே' என்ற விளையாட்டை இயக்கியவர். அதன் பின்னர் தாயகம் திரும்பிய அவர் சிட்னியில் தொடங்கிய நிறுவனமே டீம் போண்டை. நகரின் புகழ்பெற்ற கடற்கரையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

தொடக்கத்தில் சோனி நிறுவனம் இத்திட்டத்துக்கு நிதி வழங்கியது. பின்னர் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. எல்.ஏ. நுவாரைத் தாங்களே வெளியிடப் போவதாக அந்நிறுவனம் 2006ஆம் ஆண்டு அறிவித்தது.

முகத்தைப் படிக்கும் விளையாட்டு

1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் நகரமே இந்த விளையாட்டின் களம். விளையாடுபவர் ஒரு காவல்துறைத் துப்பறிவாளராகத் தடயங்களைத் தேட வேண்டும். சாட்சிகளையும் சந்தேக நபர்களையும் விசாரிக்க வேண்டும். எதிரே இருப்பவர் உண்மை பேசுகிறாரா, பொய் பேசுகிறாரா என்பதை அவரது முகபாவத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

அதுவரை வீடியோ விளையாட்டுகளில் வந்த மனித முகங்கள் பெரும்பாலும் உணர்ச்சியற்ற பொம்மை முகங்களாகவே இருந்தன. இதை மாற்றுவதற்காக, டெப்த் அனாலிசிஸ் என்ற சகோதர நிறுவனத்தின் மூலம் 'மோஷன்ஸ்கேன்' என்ற தொழில்நுட்பம் உருவாக்கப்பட்டது. நடிகர் ஒருவரைச் சுற்றி 32 கேமராக்கள் பொருத்தப்பட்டு, அவர் வசனம் பேசும்போது முகத்தின் ஒவ்வொரு அசைவும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பதிவு செய்யப்பட்டது. 400க்கும் மேற்பட்ட நடிகர்கள் இதில் பங்கேற்றனர். நியூயார்க்கின் ட்ரைபெக்கா திரைப்பட விழா, தனது அதிகாரபூர்வ நிகழ்ச்சிகளில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட வீடியோ விளையாட்டு எல்.ஏ. நுவார் என்பது குறிப்பிடத்தக்கது.

விடுபட்ட பெயர்கள்

ஆனால் விளையாட்டு வெளியாகிச் சில வாரங்களிலேயே அதன் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் உருவாக்கத்தில் பங்காற்றிய 100க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பங்களிப்பாளர் பட்டியலில் இடம்பெறவில்லை அல்லது தவறாக இடம்பெற்றுள்ளன என்று முன்னாள் ஊழியர்கள் 2011 ஜூன் மாதம் பகிரங்கமாகத் தெரிவித்தனர். இத்துறையில் அடுத்த வேலையைத் தேடுபவருக்குப் பட்டியலில் உள்ள பெயரே முக்கியச் சான்றிதழ். எனவே, பல ஆண்டுகள் உழைத்தும் பெயர் இடம்பெறாமல் போவது வெறும் மனக்குறை மட்டுமல்ல.

அதே மாதம், பெயர் வெளியிட விரும்பாத முன்னாள் ஊழியர்கள் பலர் ஐ.ஜி.என். ஊடகத்திடம் தமது அனுபவங்களைக் கூறினர். வாரத்துக்கு 60 மணி நேரம், சில வேளைகளில் 100 மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்ய நேர்ந்ததாகவும், கூடுதல் நேரத்துக்குத் தனி ஊதியம் கிடைக்கவில்லை என்றும் அவர்கள் குற்றம்சாட்டினர். நீண்ட நேர உழைப்பு நடந்ததை மெக்னமாரா மறுக்கவில்லை. தாமும் அவ்வாறே உழைத்ததாகக் கூறிய அவர், தமது நிர்வாக முறையை நியாயப்படுத்தினார். இக்குற்றச்சாட்டுகளை ஆராயப் போவதாகச் சர்வதேச விளையாட்டுத் தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது.

இதனிடையே, ராக்ஸ்டார் நிறுவனம் டீம் போண்டையுடன் அடுத்த திட்டத்தில் இணையாது என்ற செய்திகளும் வெளியாகின. 2011 ஆகஸ்ட் மாதம், 'மேட் மேக்ஸ்' படங்களை இயக்கிய ஜார்ஜ் மில்லரின் சிட்னி நிறுவனமான கென்னடி மில்லர் மிட்செல், டீம் போண்டையின் உடைமைகளை வாங்கியது. ஊழியர்களில் ஒரு பகுதியினர் அங்கு சென்றனர். எஞ்சிய கடன் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்களுக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி ஊழியர்களுக்குச் சேர வேண்டிய ஊதியமும் ஊக்கத்தொகையும் ஆகும்.

உரிமை யாரிடம்?

இத்தனை பிரதிகள் விற்ற ஒரு படைப்பைத் தந்த நிறுவனம் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வி எழுகிறது. எல்.ஏ. நுவாரின் உரிமை, ராக்ஸ்டாரும் அதன் தாய் நிறுவனமான டேக்-டூவும் வைத்திருந்த சொத்து. நிதி வழங்குபவரிடமே உரிமையும் இருக்கும்போது, அடுத்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் தயாரிப்பு நிறுவனத்துக்கு வருமானம் நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவின் ஏனைய நிறுவனங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்க வெளியீட்டாளர்கள் செலவைக் குறைத்தனர். ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு அமெரிக்க டாலருக்கு நிகராக உயர்ந்ததால், மலிவான உழைப்பு என்ற ஈர்ப்பும் மறைந்தது. 1980இல் பீம் சாஃப்ட்வேர் என்ற பெயரில் மெல்பர்னில் தொடங்கி, பின்னர் பல கைகள் மாறிய தயாரிப்புக்கூடம் 2010இல் மூடப்பட்டது. மெல்பர்னின் புளூ டங் நிறுவனம் 2011 ஆகஸ்டில் மூடப்பட்டது.

இதற்கு மாறாக, சிறு குழுக்கள் தமது படைப்பின் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டு வெற்றி பெற்ற உதாரணங்களும் உண்டு. அடிலெய்ட் நகரின் டீம் செர்ரி குழு 2017இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்' அவற்றில் ஒன்று.

சட்டமும் பாதுகாப்பும்

ஆஸ்திரேலியாவில் முழுநேர ஊழியருக்கு வாரத்துக்கு 38 மணி நேரமே சட்டப்படியான வேலை நேரம். அதற்கு மேல் 'நியாயமான' கூடுதல் நேரம் மட்டுமே கோரலாம். எது நியாயமானது என்பது ஊதியம், பொறுப்பு, துறையின் வழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. இந்த நெகிழ்வே தயாரிப்பின் இறுதிக் கட்டத்தில் நீண்ட நேர வேலைக்கு இடமளிக்கிறது. வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புகளை நியாயமான சூழலில் மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

நிறுவனம் நொடித்துப்போனால், ஊழியருக்கு 13 வாரங்கள் வரையிலான ஊதிய நிலுவையை அரசு வழங்கும் திட்டமும் உள்ளது. ஆனால் ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கும், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும், தகுதியுடைய நியூசிலாந்து நாட்டவருக்கும் மட்டுமே அது பொருந்தும். தற்காலிகத் தொழில் விசாவில் வந்தவர்கள் இதில் அடங்கமாட்டார்கள் என்பது, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

விளையாட்டுத் தயாரிப்புச் செலவில் 30 சதவீதம் வரிச்சலுகை தரும் திட்டத்தை ஆஸ்திரேலிய அரசு 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இதனால் வெளிநாட்டு முதலீடு மீண்டும் அங்கு திரும்பி வருகிறது. டீம் போண்டையின் முடிவுக்குப் பின் மெக்னமாரா சிட்னியில் தொடங்கிய வீடியோ கேம்ஸ் டீலக்ஸ் என்ற நிறுவனத்தை, 2025 மார்ச்சில் ராக்ஸ்டார் விலைக்கு வாங்கி, 'ராக்ஸ்டார் ஆஸ்திரேலியா' என்று பெயர் மாற்றியது.

சிட்னிக்கு மீண்டும் ஒரு பெரிய தயாரிப்புக்கூடம் கிடைத்திருக்கிறது. ஆனால் படைப்பின் உரிமை கடல் கடந்து இருக்கும் நிலையில் மாற்றமில்லை. வரிச்சலுகை பெறும் நிறுவனங்கள் ஊழியரின் பெயரையும் நேரத்தையும் ஊதியத்தையும் எவ்வாறு காக்கப் போகின்றன என்பதே, 2011ஆம் ஆண்டின் அனுபவம் விட்டுச்சென்றுள்ள கேள்வி.