திருத்தணிப் படிகளும் தேகப்பயிற்சியும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது மரபு. ஆடிக் கிருத்திகையில் காவடியைத் தோளில் தாங்கி, மூச்சிரைக்க அவற்றில் ஏறுவது நேர்த்திக்கடன். அதை உடற்பயிற்சிக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. உடம்பை வளர்ப்பதற்குத் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை தனியாக இருந்தன. அவையும் மல்லுக்கும் சிலம்பத்துக்குமான தயாரிப்பே. நோய் வராமல் காப்பது அவற்றின் முதல் நோக்கமல்ல.

பயில்வான் யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரே பிறகு தமிழில் பட்டமாயிற்று. மருதமலை முருகனின் பக்தரான படத் தயாரிப்பாளர் 'சாண்டோ' சின்னப்பா தேவர் அதற்குச் சாட்சி. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தந்தது.

மருத்துவம் வெகுகாலம் தயங்கியது. எடை தூக்கினால் உடம்பு இறுகிவிடும், இதயத்துக்கு ஆகாது என்ற அச்சம் பரவலாக இருந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். திருப்பம் ஒரு படிக்கட்டில்தான் நேர்ந்தது. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவு என்று 1953இல் ஆய்வாளர் ஜெரமி மாரிஸின் குழு காட்டியது. 1968இல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' நூல் வந்தது. நடையும் ஓட்டமும் மருந்தாயின. எடை மட்டும் இளவட்டங்களின் விவகாரமாகவே ஒதுங்கி நின்றது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978 பரிந்துரையில் சேர்க்காத எடைப்பயிற்சியை 1990இல் சேர்த்தது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. இரத்தத்தின் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சுவதும் அந்தத் தசைதான். சர்க்கரை நோய் மலிந்த தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைப்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் சமமாக வேரூன்றவில்லை. 2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. எடையோ இன்னும் பதக்கத்தோடுதான் நினைக்கப்படுகிறது: வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்.

திருத்தணியில் இன்று மலையுச்சி வரை வண்டி போகிறது. ஆனாலும் டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவில் பஜனைக் குழுக்கள் படிக்குப் படி நின்று, திருப்புகழ் பாடியே ஏறுகின்றன. மருத்துவர் சொல்லும் வேகம் அன்று எடுபடாது.