நிறம் மாறும் எல்இடி தோட்ட விளக்குச் சுற்றுப்பலகையின் வரலாறு

நிறம் மாறும் எல்இடி தோட்ட விளக்கு என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற எல்இடிகளின் ஒளியை வெவ்வேறு அளவில் கலந்து, பூங்கா, நீரூற்று, கட்டட முகப்பு போன்றவற்றுக்கு வண்ணமூட்டும் மின்விளக்கு ஆகும். இதன் மையப் பகுதி, எல்இடிகளையும் அவற்றை இயக்கும் உறுப்புகளையும் தாங்கும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. இப்பலகை இன்றைய வடிவத்தை அடைவதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் ஒரு நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிறம் நீலம்.

எல்இடிக்கு முந்தைய காலம்

வெளிப்புற விளக்குகளில் நிறத்தை மாற்ற முன்பு வண்ணக் கண்ணாடியும் வண்ணத் தகடுமே பயன்பட்டன. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1976 ஆம் ஆண்டு முதல் வண்ண ஒளியூட்டம் நடைபெற்றது. அங்கே நிறத்தை மாற்ற வேண்டுமானால் பணியாளர்கள் ஒவ்வொரு விளக்கிலும் வண்ணத் தகடுகளைக் கையால் மாற்ற வேண்டும். தகடு வேண்டாத நிறங்களைத் தடுத்து நிறுத்துவதால் மின்சாரத்தின் பெரும்பகுதி வீணாயிற்று.

மூன்று நிறங்கள்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்இடியை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹோலோன்யாக் 1962 ஆம் ஆண்டு செய்துகாட்டினார். அடுத்த பத்தாண்டில் மஞ்சளும் மங்கிய பச்சையும் கிடைத்தன. ஆனால் நீலம் இல்லாமல் வெள்ளையையோ ஊதாவையோ கலந்து பெற முடியாது.

நீலத்துக்கு ஏற்ற பொருள் காலியம் நைட்ரைடு என்பது முன்பே தெரிந்திருந்தும், அதன் நல்ல படிகத்தை வளர்ப்பது மிகக் கடினமாக இருந்தது. பலர் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமனோவும் 1986 ஆம் ஆண்டு தரமான படிகத்தை உருவாக்கினர். நிச்சியா நிறுவனத்தின் ஷுஜி நகமுரா தனிவழியில் ஆய்வு செய்தார். அந்நிறுவனம் 1993 ஆம் ஆண்டு மிகுந்த ஒளியுள்ள நீல எல்இடியை அறிவித்தது. அதே பொருள் குடும்பத்திலிருந்து பளிச்சென்ற பச்சையும் விரைவில் வந்தது. இம்மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்பின் பலன் யாருக்கு உரியது என்பது நீதிமன்றம் வரை சென்றது. நகமுராவுக்குத் தொடக்கத்தில் கிடைத்த ஊக்கத்தொகை வெறும் 20,000 யென். 2004 ஆம் ஆண்டு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2,000 கோடி யென் வழங்கும்படி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2005 ஆம் ஆண்டு சுமார் 84 கோடி யென்னுக்கு இரு தரப்பும் உடன்பட்டன.

காப்புரிமைப் போட்டி

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜார்ஜ் மியூலரும் இகோர் லிஸ்ஸும் 1997 ஆம் ஆண்டு கலர் கைனெடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். எல்இடியின் மின்னோட்டத்தைக் குறைத்து ஒளியை மங்கச் செய்வதற்குப் பதிலாக, அதைக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் ஏற்றி அணைப்பது அவர்கள் பயன்படுத்திய முறை. எரியும் நேரம் கூடினால் ஒளி கூடும். இதற்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் வைத்தால் மொத்தம் 1,67,77,216 நிறச் சேர்க்கைகள் கிடைக்கின்றன.

இம்முறையில் வண்ண ஒளி தருவதற்கு அந்நிறுவனம் 2000 ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. துடிப்பகல முறை மின்னணுவியலில் முன்பே வழக்கிலிருந்தது, எனவே இக்காப்புரிமை செல்லாது என்று போட்டியாளரான சூப்பர் விஷன் நிறுவனம் வாதிட்டது. 2005 ஆம் ஆண்டு பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றம் கலர் கைனெடிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2007 ஆம் ஆண்டு பிலிப்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. ஓர் எளிய மூவண்ண விளக்கைத் தயாரித்து விற்க விரும்பிய சிறு நிறுவனங்களும் இக்காப்புரிமைகளைக் கருத்தில் கொண்டே செயல்பட வேண்டியிருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பழைய விளக்குகள் 2012 ஆம் ஆண்டு இந்நிறுவனத்தின் எல்இடிகளாக மாற்றப்பட்டன.

பலகை வடிவமைப்பில் எழுந்த சிக்கல்கள்

முதல் சிக்கல் மின்னழுத்தம். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3.2 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் வழங்கலில் மூன்று சிவப்பு எல்இடிகளைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட் மீதமாகும். 20 மில்லிஆம்பியர் மின்னோட்டத்துக்கு 300 ஓம் மின்தடை தேவை. மூன்று நீல எல்இடிகளுக்கு மீதம் 2.4 வோல்ட் மட்டுமே. அங்கே 120 ஓம் போதும். தோட்டத்தில் கம்பி நீளும்போது மின்னழுத்தம் குறைகிறது. மீதம் குறைவாக உள்ள நீலமும் பச்சையும் முதலில் மங்குவதால், கடைக்கோடி விளக்கில் வெள்ளை நிறம் செம்மையேறித் தெரியும். இதைத் தவிர்க்கத் தடித்த கம்பி, 24 வோல்ட் வழங்கல், மாறா மின்னோட்ட இயக்கி ஆகியவை கையாளப்பட்டன.

இரண்டாவது வெப்பம். ஒரு வாட் அளவிலான எல்இடிகள் வந்தபின் சாதாரண கண்ணாடியிழைப் பலகையால் வெப்பத்தைக் கடத்த இயலவில்லை. அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய மின்காப்புப் படலமும் அதன்மேல் செம்புத் தடங்களும் அமைந்த பலகை பரவியது. சூடேறினால் சிவப்பின் ஒளி மற்ற இரண்டைவிட அதிகமாகக் குறையும் என்பதால், வெப்பம் நிறத்தையும் மாற்றிவிடும்.

மூன்றாவது ஈரம். மழையும் பாசன நீரும் செம்புத் தடங்களை அரிக்கும். எனவே பலகைமீது பாதுகாப்புப் பூச்சு இடுவதும், பிசினால் முழுமையாக மூடுவதும் வழக்கமாயின. ஐபி67 தரமுள்ள விளக்கு 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும்.

கட்டுப்பாட்டு முறைகள்

மேடை விளக்குகளுக்காக 1986 ஆம் ஆண்டு உருவான டிஎம்எக்ஸ்512 நெறிமுறையே தோட்ட விளக்குகளுக்கும் வந்தது. இதில் 512 தடங்கள் உள்ளன. விளக்குக்கு மூன்று தடம் வீதம் 170 விளக்குகளைத் தனித்தனியே இயக்கலாம்.

பின்னர் சீனாவின் வேர்ல்ட்செமி நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஎஸ்2812, எல்இடிக்குள்ளேயே கட்டுப்பாட்டுச் சில்லைப் பொதித்தது. ஒவ்வொரு சில்லும் தனக்குரிய 24 பிட்டுகளை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். ஒரே தரவுக் கம்பியில் நூற்றுக்கணக்கான விளக்குகளை இயக்க முடிந்ததால் மாணவர்களும் ஆர்வலர்களும் சொந்தமாகப் பலகை வடிவமைக்கத் தொடங்கினர். சங்கிலியில் ஒரு சில்லு பழுதானால் அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் செயலிழப்பது இதன் குறை. பின்னர் வந்த டபிள்யூஎஸ்2815 மாற்றுத் தரவுக் கம்பி ஒன்றைச் சேர்த்தது. 12 வோல்ட்டில் இயங்குவதால் நீண்ட கம்பிகளுக்கும் அது பொருத்தமாயிற்று.

இன்றைய நிலை

கலர் கைனெடிக்ஸின் முதல் காப்புரிமைக்கான விண்ணப்பம் 1997 இல் அளிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி அதன் இருபதாண்டுக் காலம் 2017 இல் முடிந்தது. ஒருகாலத்தில் வழக்குக்கு உள்ளான அந்த அடிப்படை முறையை இன்று ஒரு பொறியியல் மாணவர் மலிவான நுண்கட்டுப்படுத்தி ஒன்றைக் கொண்டு செய்துபார்க்கலாம். விலை குறைந்ததால் இரவு முழுவதும் எரியும் வண்ண விளக்குகளும் பெருகியுள்ளன. நீல ஒளி பல பூச்சிகளை ஈர்ப்பதாலும், வளிமண்டலத்தில் அதிகமாகச் சிதறி வான்நோக்கலுக்கு இடையூறு செய்வதாலும், தேவையற்ற நேரத்தில் ஒளியைக் குறைக்கும் வசதியும் இன்றைய வடிவமைப்பில் கவனிக்கப்பட வேண்டியதாகியுள்ளது.