செங்கம் நடுகற்களும் கூட்டுச் செயலும்

சவ்வாது மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்கள் மிகுந்த பகுதியாகும். தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. இவற்றுள் பல, பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கொண்டவை. தொறு எனப்படும் கால்நடைக் கூட்டத்தைக் கவரும் அல்லது மீட்கும் பூசலில் இறந்தவர்களுக்காகப் பல கற்கள் நடப்பட்டன.

கல்வெட்டு பெரும்பாலும் இறந்த ஒருவரையே பெயர் சுட்டும். ஆனால் தொறுப்பூசல் தனியொருவரால் நடத்தக்கூடியது அன்று. தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு 14 துறைகளைக் கூறுகிறது. ஒற்றறிதல், ஊரைச் சூழ்தல், நிரை கவர்தல், தொடர்ந்து வருவோரைத் தடுத்தல், நிரையை வருத்தாமல் ஓட்டிவருதல், பங்கிடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். நிரையை ஓட்டுவோர் கரைசேர, பின்னே நின்று தடுப்போர் உறுதியாக நிற்க வேண்டும். கிடைத்ததைப் பங்கிடுவதும் போரின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்னும் இளமகனைக் குறிப்பிடுகிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளது. உடன்நின்ற துணையை மறவாமல் பதிந்த கல் இது.

கல் நடுதலும் பலர் கூடிச் செய்யும் பணியே. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் குறிக்கிறது. பலகைக்கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நிறுத்தியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் கல்லில் இல்லை.