கோல்ட் கோஸ்ட் சட்டமன்றத் தேர்தல், 1951

இன்றைய கானா, பிரித்தானியரின் கீழ் கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் இருந்தபோது, 1951 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தல் இது. குவாமே நிக்ரூமாவின் மக்கள் மாநாட்டுக் கட்சி பெருவெற்றி பெற்றது. சிறைக் கைதியாகவே போட்டியிட்டு வென்ற நிக்ரூமா, விடுதலையாகி அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பின்னணி

1948 பிப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியருக்காகப் போரிட்டுத் திரும்பிய வீரர்கள், தங்கள் குறைகளை எழுதிய மனுவுடன் அக்ராவில் ஆளுநர் மாளிகையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். போலீஸ் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். கலவரம் பிற நகரங்களுக்கும் பரவியது. இதை ஆராய்ந்த வாட்சன் ஆணையம் அரசியலமைப்பையே மாற்ற வேண்டும் என்றது. நீதிபதி ஹென்லி கூசி தலைமையில், முழுக்க ஆப்பிரிக்கர்களே அடங்கிய குழு புதிய அமைப்புக்கான பரிந்துரைகளை வகுத்தது.

ஜே. பி. டான்குவா முதலிய வழக்கறிஞர்களும் வணிகர்களும் நடத்திய ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாட்டிலிருந்து விலகிய நிக்ரூமா, 1949 ஜூனில் தனிக்கட்சி கண்டார். பழைய கட்சி படிப்படியாகத் தன்னாட்சி கேட்டது. புதிய கட்சி அதை உடனே கேட்டது. காந்தியின் அறப்போர் முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1950 ஜனவரியில் அவர் தொடங்கிய வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் அவரைச் சிறைக்கு அனுப்பின.

தேர்தல் முறை

84 இடங்களில் மக்கள் வாக்கால் நிரப்பப்பட்டவை 38 மட்டுமே. அக்ரா, கேப் கோஸ்ட், குமாசி, செகோண்டி-டாகோராடி ஆகிய நகரங்களின் 5 இடங்களுக்கு நேரடி வாக்கெடுப்பு நடந்தது. ஊர்ப்புறத்தின் 33 இடங்களுக்கு மக்கள் முதலில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் கூடி உறுப்பினரைத் தேர்ந்தனர். மரபுத் தலைவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த வட்டார மன்றங்கள் வழியாக 37 பேரும், வணிக, சுரங்க அமைப்புகளின் சார்பில் 6 பேரும் வந்தனர். எஞ்சிய மூவர் பிரித்தானிய அதிகாரிகள். 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை இருந்தது. உள்ளூர் வரி கட்டியிருக்க வேண்டும்.

பரப்புரையும் முடிவும்

நிக்ரூமாவுக்கு விதிக்கப்பட்டவை மூன்று தனித்தனி ஓராண்டுத் தண்டனைகள். ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவருக்கே தடை என்பதால், அவர் வாக்காளராகப் பதிந்து போட்டியிட முடிந்தது. முன்னதாகவே சிறையிலிருந்து விடுதலையான கட்சித் தலைவர்களுள் ஒருவரான கோம்லா பெடெமா வெளியில் கட்சியை வழிநடத்தினார். கழிவறைத் தாளில் எழுதிய குறிப்புகள் சிறையிலிருந்து கடத்தி வரப்பட்டுத் தொண்டர்களைச் சேர்ந்தன.

38 இடங்களில் 34 மக்கள் மாநாட்டுக் கட்சிக்குக் கிடைத்தன. அக்ராவில் நிக்ரூமா பெற்றவை 22,780 வாக்குகள். பிப்ரவரி 12 அன்று ஆளுநர் சார்லஸ் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து, அரசமைக்க அழைத்தார்.

விளைவு

நிதி, நீதி, பாதுகாப்பு ஆகிய துறைகள் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. ஆனாலும், நியமனங்களாலும் மறைமுகத் தேர்வுகளாலும் எச்சரிக்கையுடன் கட்டப்பட்ட அவையில், மக்கள் வாக்கு எட்டிய இடமெல்லாம் தீர்ப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதைப் புறந்தள்ளி ஆள முடியாது என்று ஆளுநர் உணர்ந்ததே இத்தேர்தலின் பெரும் சாதனை. 1952இல் நிக்ரூமா பிரதமரானார். 1954 தேர்தலில் எல்லா இடங்களுக்கும் மக்களே நேரடியாக வாக்களித்தனர். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது.