தன்பாலினத் திருமணம்: பழமைவாதிகளின் நிலைப்பாடு

தன்பாலினத் திருமணம் குறித்த இந்தியப் பழமைவாத அரசியலின் நிலைப்பாடு 2013க்குப் பின் பாதியளவே இளகியது. தன்பால் ஈர்ப்பு குற்றம் என்ற வாதம் கைவிடப்பட்டது. கல்யாணம் மட்டும் கூடாது என்பது நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதன் முன்வரலாறு சுயமரியாதைத் திருமணத்தில் தொடங்குகிறது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய மணமே முதலாவது என்பர். புரோகிதரும் ஓமமும் இல்லாத மணத்தை வைதிகர்கள் கல்யாணமாகவே ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய மணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உற்றார் உறவினர் முன்னிலையில் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே போதும். சட்டத்துக்கு முன்பு நடந்த மணங்களும் செல்லுபடியாயின. கல்யாணம் என்பது மாறாத சடங்கு என்ற வாதம் தமிழ்நாட்டில் அன்றே தோற்றது.

தேசிய அளவில், 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தக்கவைத்தபோது, அப்போதைய பா.ஜ.க. தலைவர் ராஜ்நாத் சிங் அத்தீர்ப்பை ஆதரித்தார். 2015இல் அக்கட்சியின் அருண் ஜெட்லி அதே தீர்ப்பு மறுபரிசீலனைக்குரியது என்றார். 2016 மார்ச்சில் ஆர்.எஸ்.எஸ்.ஸின் தத்தாத்ரேய ஹோசபாலே, பிறர் வாழ்வைப் பாதிக்காதவரை தன்பாலுறவு குற்றமாகாது என்றார். உண்மையான திருப்பம் அதுதான். சுற்றிலும் எழுந்த சலசலப்பில், ஒழுக்கக்கேடு என்றும் திருமணத்துக்கு இடமில்லை என்றும் பிறகு சேர்த்துக்கொண்டார். 2023 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், ஜராசந்தனின் தளபதிகளான ஹம்சன், டிம்பகன் கதையை எடுத்துக்காட்டி, இத்தகையோர் என்றும் இருந்தவர்களே என்றார். புராணத்தைத் தேடினால் சங்கரன்கோவில், இளையரசனேந்தல் வட்டாரத்திலேயே கிடைக்கும்: பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், மோகினியான அரிக்கும் அரனுக்கும் பிறந்தவராகவே அவரை வணங்குகின்றன. பெண் பார்க்கும் பேச்சில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.

திருமணம் ஒரு சம்ஸ்காரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியது என்று 2023 மார்ச்சில் ஆர்.எஸ்.எஸ். கூறியது, தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கோரி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் ஒன்றிய அரசின் பிரமாணப் பத்திரமும் அதே நிலைப்பாட்டையே எடுத்தது. மாநிலங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆண்ட ஆந்திராவும் எதிர்த்தன. எனவே பழமைவாதத்தைப் பா.ஜ.க.வின் தனிச்சொத்தாகக் கொள்வதற்கில்லை. பிரிட்டனில் கதை வேறு. 2013இல் அங்கே சட்டம் கொண்டுவந்தவர் கன்சர்வேடிவ் பிரதமர் டேவிட் கேமரன். ஆனால் இரண்டாம் வாசிப்பில் அவர் கட்சி எம்.பி.க்களில் 127 பேர் ஆதரிக்க, 136 பேர் எதிர்த்தனர்.

தென்மாவட்டத்தின் முக்கிய நிகழ்வு 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த மணம். மணமகள் திருநங்கை என்பதால் பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரல் 22இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று கூறிப் பதிவுக்கு ஆணையிட்டார். இது தன்பாலினத் திருமணம் அல்ல. என்றாலும் பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டவர் சட்டப்படி மனைவியாகலாம் என்பதை மரபார்ந்த திருமணச் சட்டத்தைக் கொண்டே நிறுவியதால் இவ்வரிசையில் வைக்கத்தக்கது.

தன்பாலினத் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அதே ஆண்டு மே மாதம் சுவாமிநாதன் இடம்பெற்ற சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று தீர்ப்பளித்தது.